உன் கையில் மட்டும்

லியபாயா டிராம் பணிமனையில்
பதினெட்டு டன் வண்டி நின்றுபோனால்
ஒரு மணி நேரம் எனக்குப் போதும்.
சுற்றைப் பாதியாக வெட்டு.
எந்தப் பாதி செத்தது என்று பார்.
அதையும் பாதியாக வெட்டு.
பழுது ஓடி ஒளிகிற ஆள் அல்ல,
எங்கேயோ ஓரிடத்தில் உட்கார்ந்துதான் இருக்கும்.

விஸ்மாவின் லேப்டாப் இரண்டே கால் கிலோ.
வயது பதினொன்று.
மூன்று வாரமாக என்னை அலைக்கழிக்கிறது.

எழுதிக்கொண்டே இருப்பாள், பட்டென்று இருட்டு.
முனகல்கூட இல்லை.
நான் வாங்கி அமுக்கினால்
கோழிப்பண்ணைக் கணக்கைத் தொலைத்துவிட்டு
ஒன்றும் அறியாத பிள்ளைபோல் எழுந்து வருகிறது.

நோட்டில் குறித்துவைத்தேன்:
செவ்வாய் இரவு 10.20. போனது.
வியாழன் 10.45. போனது.
சனி முழுக்க என்னிடம். போகவில்லை.
ஞாயிறு அவளிடம் கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் போனது.

முதலில் சார்ஜரைச் சந்தேகப்பட்டேன்.
மல்டிமீட்டரை வைத்தால் பத்தொன்பது வோல்ட், அப்பழுக்கில்லை.
பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. தூக்கிப் போட்டேன்,
ஆனால் இந்தக் குற்றம் அதனுடையது அல்ல.
மெமரி அட்டை இரண்டையும்
தனித்தனியே உட்காரவைத்து விசாரித்தேன்.
விசிறிக்குள் எங்கள் பூனையின் மூன்று குளிர்காலங்கள்
கம்பளியாய்த் திரண்டிருந்தன.
பூனை இப்போது இல்லை.
இடுக்கியால் எடுத்ததைக் குப்பையில் போடாமல்
ஏனோ ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

"உன் மனைவியைக் கழற்றிப் பார்" என்றான்
பணிமனையில் அர்விட்ஸ்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் பாதி பாதியாக வெட்டியதில் அதுதான் மிச்சம்:
என் கையில் ஓடுகிறது. அவள் கையில் சாகிறது.
தொட்டாற்சுருங்கி,
அதுவும் ஆளைப் பார்த்துச் சுருங்குகிறது.

திங்கள் இரவு, விளக்கு பழுதென்று பொய் சொல்லி
அவள் முதுகுக்குப் பின்னால் ஏணியில் நின்றேன்.
கடற்காற்று ஜன்னலை இடித்துக்கொண்டிருந்தது.
கணக்கு எழுதுகையில் அவள் கைகள்
விசைகளைத் தொட்டும் தொடாமலும் பறக்கின்றன.
முட்டை, தீவனம், வரி. ஒன்றும் ஆகவில்லை.
பத்தரைக்கு ஒரு கடிதத்தைத் திறந்தாள்.
தட்டச்சு நின்றது.
இடது மணிக்கட்டு மெல்ல இறங்கி
விசைப்பலகைக்குக் கீழே மூலையில் ஊன்றியது.
நெரிசல் டிராமில் கம்பியைப் பிடிப்பவள்போல
உடம்பின் பாரம் முழுக்க அங்கே.
நான் படிக்கவில்லை. முதல் சொல் மட்டும் கண்ணில் பட்டது:
விஸ்மின்யா.
இந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
திரை இருண்டது.
"பார்த்தாயா, மறுபடியும்" என்றாள்.
குரலில் எரிச்சல்.
கொஞ்சம் நிம்மதியும் இருந்ததோ, தெரியவில்லை.

அவள் உறங்கியபின் கழற்றினேன்.
பதினான்கு திருகுகள், முட்டை அட்டைக் குழிகளில் வரிசையாக.
அந்த மூலைக்கு நேர் கீழே, மதர்போர்டில்,
மின்சாரம் உள்ளே வரும் காலில்
தலைமுடியைவிட மெல்லிய விரிசல்.
அழுத்தினால் திறக்கும். விட்டால் மூடிக்கொள்ளும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு சொட்டு ஈயம் வைத்தேன்.
மூடும்போது பதின்மூன்றுதான் உள்ளே போயிற்று.
மிஞ்சியதற்கு இடம் தேடவில்லை.

இரண்டு வாரமாகிறது. அணையவே இல்லை.
என்ன பழுது என்று அவளிடம் சொன்னேன்,
எந்த இடத்தில் என்று சொல்லவில்லை.

பத்தரைக்குச் சமையலறையில் தட்டச்சு நிற்கிறது.
நான் படுக்கையில், பழக்கதோஷம்,
"மறுபடியும்" என்ற குரலுக்குக் காத்திருக்கிறேன்.
வருவதில்லை.
திரை வெளிச்சம் கதவிடுக்கில் நீண்டு கிடக்கிறது.
இனி கடைசி வரிவரை
அவள் படித்தாக வேண்டும்.